ஒரே ஒரு தற்காப்பு லைசென்ஸ்: அதை ரிவால்வருக்குச் செலவழிக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றி நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ, துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கலாம் என்று இருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் மாமா ஒருவர் உடனே, "ரிவால்வர் வாங்கு தம்பி, அது சிக்காது, எடுத்தோம் அழுத்தினோம்னு வேலை முடிஞ்சிடும்" என்பார். கூடவே, "வீட்டுப் பொம்பளைங்களுக்கும் அதுதான் சுலபம்" என்று ஒரு வரியும் வரும். முதலில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதாகச் சொன்னது தவறு, அதுவும் உயிரோடு விளையாடுகிற தவறு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரிவால்வர், அதாவது சுழலும் சிலிண்டரில் ஐந்தாறு தோட்டா வைக்கும் கைத்துப்பாக்கி, காலாவதியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. சில வேலைகளுக்கு அது இன்றைக்கும் நல்ல ஆயுதம். ஆனால் நம் நாட்டில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. 2000-ஆம் ஆண்டின் 60-ஆவது சட்டமாக வந்து 2004 ஜூலையில் முழுதாக நடைமுறைக்கு வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 13-ஆவது பிரிவுதான் தற்காப்புக்கு உரியது. அந்தப் பிரிவின் கீழ் ஒருவருக்கு ஒரே ஒரு லைசென்ஸ்தான் கிடைக்கும். முழு ஆட்டோமேட்டிக் (ட்ரிகரைப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடுவது) அல்லாத ஒரு கைத்துப்பாக்கி, அல்லது ஆட்டோமேட்டிக்கோ, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்கோ அல்லாத ஒரு ஷாட்கன், இரண்டில் ஒன்று. அதற்கும், எனக்குத் தற்காப்புத் தேவை இருக்கிறது, வேறு வழியில் அதை நியாயமாகச் சமாளிக்க முடியாது என்று காரணம் காட்ட வேண்டும். 21 வயது, பயிற்சி, சட்டத் தேர்வு, சுடும் தேர்வு, தகுதிச் சான்றிதழ், கைரேகை, வீட்டில் தரச் சான்று பெற்ற இரும்புப் பெட்டி எல்லாம் முடிந்து, பிரிட்டோரியாவில் உள்ள போலீஸ் துப்பாக்கிப் பதிவகத்தில் இருந்து பதில் வரும்வரை காத்திருந்து வாங்குகிற அந்த ஒரு லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க மனுப் போட வேண்டும். விளையாட்டுக்கும் வேட்டைக்கும் வேறு பிரிவுகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு அந்தந்தக் காரணத்தை நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டும்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இணையத்தில் நாம் படிக்கும், பார்க்கும் துப்பாக்கி யோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருந்து வருகின்றன. அங்கே பல மாநிலங்களில் ஒருவர் இடுப்பில் பிஸ்டல் (பிடிக்குள் செருகும் மகசின் என்ற தோட்டாப் பெட்டியில் இருந்து சுடும் கைத்துப்பாக்கி), பாக்கெட்டில் சின்ன ரிவால்வர், படுக்கை அறையில் ஷாட்கன் என்று வேலைக்கு ஒன்றாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். "சின்ன ரிவால்வர் அருமையானது" என்று அங்கே ஒருவர் எழுதும்போது, அது அவருடைய இரண்டாவது அல்லது மூன்றாவது துப்பாக்கியாக இருக்கும். நமக்கோ அந்த ஒன்றே வீட்டுக்கும், காருக்கும், கடைக்கும், நடந்து போகும் வழிக்கும். எல்லா வேலைக்கும் சேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

வரலாறு சுருக்கமாக. சாமுவேல் கோல்ட் தன் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836-ல். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின், .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கான ரிவால்வர் 1899-ல் வந்து, அடுத்த முக்கால் நூற்றாண்டுக்குப் பல போலீஸ்காரர்களின் இடுப்பில் இருந்தது. இன்று நாம் சின்ன ரிவால்வர் என்று சொல்லும் ஐந்து தோட்டா வகை 1950-ல் அதே நிறுவனம் கொண்டுவந்தது. 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மியாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆட்கள் இருவர் இறந்து, ஐந்து பேர் காயமடைந்தார்கள். காயம்பட்ட கையோடு ரிவால்வரில் தோட்டா நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தச் சண்டை அப்பட்டமாகக் காட்டியது. அப்புறம் ஏழெட்டு ஆண்டுக்குள் அமெரிக்கப் போலீஸ் பெரும்பாலும் பிஸ்டலுக்கு மாறிவிட்டது, நியூயார்க் போலீஸ் 1993-ல். நம் போலீஸ்காரர்கள் இடுப்பில் நீங்கள் பார்க்கும் இசட் 88 கூட 9 மி.மீ. தோட்டா போடும் பிஸ்டல்தான்.

சரி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் வேர் எங்கே இருக்கிறது? பிஸ்டலில் வெடித்த தோட்டாவின் சக்தியே, மேலே முன்பின் நகரும் ஸ்லைடு என்ற இரும்பு உறையைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுகிறது. ரிவால்வரில் அந்த வேலை முழுவதையும் உங்கள் ஆள்காட்டி விரல் செய்கிறது. ட்ரிகரை இழுக்க இழுக்க அதே இழுப்பில் சிலிண்டர் சுழல்கிறது, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஹேமர் பின்னால் போகிறது, பிறகு விழுந்து அடிக்கிறது. ரிவால்வரின் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் இருந்து வருகிறது.

நல்லதை முதலில் பார்ப்போம். தோட்டா வெடிக்கவில்லை என்றால் பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து அதை வெளியேற்றியாக வேண்டும், ரிவால்வரில் மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிடி தளர்ந்திருந்தாலும், மணிக்கட்டில் அடிபட்டிருந்தாலும் ரிவால்வருக்குக் கவலை இல்லை. பிஸ்டலோ உறுதியான பிடி இல்லாவிட்டால் ஸ்லைடு முழுதாகப் போய் வராமல் நின்றுவிடலாம். ஒருவன் உங்கள் மேலேயே விழுந்து அமுக்கும்போது பிஸ்டலின் குழல் முனையை அவன் உடம்பில் அழுத்தினால் ஸ்லைடு சற்றே பின்னால் தள்ளப்பட்டு, சுடாமலே போகக்கூடும். ரிவால்வரில் அந்தச் சிக்கல் கிடையாது. ஹேமர் உள்ளே மறைந்திருக்கும் வகையாக இருந்தால், கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே சுட முடியும், எதிலும் மாட்டாது. நெருக்குப் பிடியில் இதைவிட நம்பகமான கைத்துப்பாக்கி இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அங்கேயும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: எதிரி சிலிண்டரை இறுக்கிப் பிடித்துவிட்டால் அது சுழலாது, ட்ரிகரும் நகராது.

கெட்டதும் அதே விரலில்தான் இருக்கிறது. சின்ன ரிவால்வரின் ட்ரிகரை இழுக்க ஏறத்தாழ 5 கிலோ விசை வேண்டும், இழுக்க வேண்டிய தூரமும் அதிகம். ஆனால் துப்பாக்கியின் எடை 400 கிராம். 400 கிராம் பொருளைக் குறியில் அசையாமல் பிடித்துக்கொண்டு 5 கிலோ விசையில் விரலை இழுத்துப் பாருங்கள், என்ன ஆகும் என்று தெரியும். குழல் நீளம் 5 செ.மீ. கூட இருக்காது, அதனால் குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே இடைவெளி குறைவு, சின்ன ஆட்டம்கூடத் தூரத்தில் பெரிய விலகலாகத் தெரியும். அப்புறம் உதை. இலேசான துப்பாக்கி கூடுதலாக உதைக்கும், அதில் சமாதானமே கிடையாது.

டர்பனுக்கு வெளியே உள்ள ஒரு சுடுதளத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். நண்பரின் தாயார், வெருலத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். கடைக்காரர் "உங்களுக்கு இதுதான் சரி" என்று பரிந்துரைத்த இலேசான ஐந்து தோட்டா ரிவால்வரை வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்க்க வந்திருந்தார். குறி 5 மீட்டரில். முதல் தோட்டா காகிதத்தின் இடது கீழ் ஓரத்தில் பட்டது, இரண்டாவது காகிதத்திலேயே இல்லை. மூன்றாவதுக்கு ட்ரிகரைப் பாதி இழுத்து நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த இடி எப்போது வரும் என்று உடம்பு பயந்துவிட்டது, அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்தும் முடிந்ததும் கையைத் திறந்து காட்டினார், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே செக்கச் செவேல் என்று இருந்தது.

"அம்மா, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறீங்களா?"

"வேண்டாம்பா. உள்ளங்கை எரியுது. நிதானமா நின்னே இந்த லட்சணம்னா, பதட்டத்துல நான் எதைச் சுடப் போறேன்?"

அவர் மனதில் இருந்த தயக்கம் ஸ்லைடைப் பற்றியது. "எனக்கு அதை இழுக்கப் பலம் இல்லை" என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் ஒரு நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டலைக் கொடுத்து, குழல் முனை எப்போதும் குறியின் பக்கமே இருக்கும்படி துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் வைத்து, இடது உள்ளங்கை முழுவதாலும் ஸ்லைடைப் பற்றிக்கொண்டு, "அதைப் பின்னால இழுக்காதீங்கம்மா, வலது கையால துப்பாக்கிய முன்னால தள்ளுங்க" என்றார். இரண்டு முயற்சியில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சுட்ட பத்தில் ஒன்று தவிர மற்றதெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் விழுந்தது. அந்தப் பிஸ்டல் கனமானது, உதையில் பெரும்பகுதியை அதன் எடையும் ஸ்லைடும் வாங்கிக்கொள்கின்றன, ட்ரிகர் இழுப்பும் 2.5 கிலோதான்.

பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் புதியவர்களுக்கும் சின்ன ரிவால்வரைக் கொடுக்கிற பழக்கம் இத்தனை நாள் தொடர்ந்து வருவது எனக்குக் கோபமூட்டுகிற விஷயம். பார்க்கச் சிறியதாக இருக்கிறது, கைக்குள் அடங்குகிறது, விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், அதனால் விற்பதும் சுலபம். சுடுவதற்கு அதைவிடக் கஷ்டமான கைத்துப்பாக்கி கடையில் இருக்காது. அது நன்றாகப் பழகியவர்களின் ஆயுதம். மாதந்தோறும் சுடுதளத்துக்குப் போய், காலித் துப்பாக்கியில் வீட்டிலும் ட்ரிகர் பழகுகிறவர் கையில் அது அற்புதமாக வேலை செய்யும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஸ்லைடு உண்மையிலேயே கஷ்டம் என்றால் அதற்கும் இப்போது வழி இருக்கிறது, இழுக்க மிகவும் இலேசான ஸ்லைடு வைத்த பிஸ்டல்களை 2018-ல் இருந்தே செய்கிறார்கள். மூட்டுவலிக்காரர் விரலுக்கு அந்த 5 கிலோ ட்ரிகர் மட்டும் எப்படிச் சுலபமாக இருக்கும் என்று யாருமே கேட்பதில்லை.

அடுத்தது "சிக்காது" என்கிற நம்பிக்கை. பிஸ்டல் அளவுக்கு அடிக்கடி சிக்காது என்பது உண்மை. ஆனால் சிக்கினால் அங்கேயே சரிசெய்ய முடியாது. காலிக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் இரண்டு மூன்று போய் உட்கார்ந்தால் போதும், சிலிண்டர் இறுகிவிடும். மிக இலேசான ரிவால்வரில் பலமான தோட்டா போட்டால், ஒவ்வொரு உதைக்கும் சுடப்படாத தோட்டாக்களின் ஈயக் குண்டுகள் கூட்டில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு அதைச் சுழலவிடாமல் தடுக்கும். கூடு தள்ளும் கம்பி மரை கழன்றால் சிலிண்டரையே திறக்க முடியாமல் போகலாம். பிஸ்டலில் வரும் சாதாரணத் தடங்கலை மகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, பழகிய கை இரண்டு மூன்று வினாடியில் சரிசெய்துவிடும். ரிவால்வரில் வரும் தடங்கலுக்கு மேசையும் கருவியும் வேண்டும்.

நம் ஊர்க் காற்றையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டர்பன் கடற்கரை ஓரம் இரும்பு என்ன பாடுபடும் என்பது மெரபேங்கில் கேட் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். வியர்வை ஒட்டும் இடுப்பில், உப்புக் காற்றில், மாதக்கணக்கில் இருக்கும் துப்பாக்கியைத் துடைக்காமல் விட்டால் ரிவால்வரும் துருப்பிடிக்கும், பிஸ்டலும் துருப்பிடிக்கும். ரிவால்வருக்குப் பராமரிப்பு வேண்டாம் என்று நம்புகிறவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, பாக்கெட் பஞ்சு சிலிண்டருக்குள் அடைந்து கிடக்கும். வேறு சிலர் துரு வரக்கூடாது என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார்கள், அந்த எண்ணெய் தோட்டாவின் அடிப்பாகத்துக்குள் ஊறி அதை வெடிக்காமல் செய்துவிடும். எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும், தோட்டாக்கள் உலர்ந்து இருக்க வேண்டும்.

தோட்டா எண்ணிக்கை பற்றி. 2018-ல் சிக் சாவர் பி 365 என்ற பிஸ்டல் வந்ததும் பழைய வாதம் ஒன்று உடைந்தது. அதுவரை "சின்னத் துப்பாக்கி வேண்டுமா, ஐந்து ஆறு தோட்டாதான்" என்று இருந்தது. அது ஏறக்குறைய சின்ன ரிவால்வர் அளவுதான், எடை 500 கிராம், அதற்குள் 10 தோட்டாவும் குழலில் ஒன்றும் 9 மி.மீ.யில். பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். நடுத்தர அளவு என்றால், கிளாக் 19 போன்றவற்றில் 15.

ஐந்து போதுமா? பல நாடுகளில் போதும் என்று சொல்லிவிடலாம். இங்கே நான் யோசிப்பேன். 2022-23-லும் 2023-24-லும் இந்த நாட்டில் ஆண்டுக்கு 27,000-க்கும் மேற்பட்ட கொலைகளையும், 20,000-க்கும் மேற்பட்ட கார் பறிப்புகளையும் போலீஸ் பதிவு செய்திருக்கிறது. கார் பறிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒருவராக வருவதில்லை, வெறுங்கையோடும் வருவதில்லை. வீட்டு வாசலில் கேட் திறக்கக் காத்திருக்கும் அந்த அரை நிமிடம்தான் அவர்களுக்கு வேண்டியது. பதட்டத்தில் சுடும் தோட்டாக்களில் பல குறி தவறும், எதிரில் மூன்று பேர் இருந்தால் ஐந்து என்பது ஆளுக்கு இரண்டுகூட இல்லை. ரிவால்வரில் மறுபடி நிரப்புவதற்கு ஸ்பீட்லோடர் என்ற சாதனம் இருக்கிறது, பழகியவர்கள் வேகமாகவே செய்வார்கள், ஆனால் உயிர் போகும் நேரத்தில் கை நடுங்க, ஐந்து கூட்டையும் கீழே தட்டி, ஐந்து தோட்டாவையும் ஐந்து துளைக்கு நேராக வைத்து நுழைப்பது வேறு கதை. ஐந்தோடு முடிந்தது என்று எண்ணிக்கொள்வதே சரியான கணக்கு.

இதையும் சொல்லியாக வேண்டும். கார்க் கண்ணாடிக்கு வெளியே ஏற்கெனவே துப்பாக்கி உங்கள் நெற்றிக்கு நேராக இருக்கும்போது, உங்கள் இடுப்பில் இருப்பது ஐந்து தோட்டாவா பதினைந்து தோட்டாவா என்பது பெரும்பாலும் உதவப் போவதில்லை. அந்த நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுக் குழந்தைகளோடு இறங்குவதுதான் பிழைக்கும் வழி. கேட்டுக்கு முன் வண்டியை நிறுத்தாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து வருவது, பின்னால் தொடரும் காரைக் கவனிப்பது, இதெல்லாம் துப்பாக்கியைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றும் என்றே நினைக்கிறேன்.

தோட்டாவின் தரம் இன்னொரு விஷயம். மியாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில், குண்டு, உடம்புச் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 30 முதல் 45 செ.மீ. வரை ஊடுருவ வேண்டும், குழி முனை குண்டு விரியவும் வேண்டும். .38 ஸ்பெஷல் நீளமான குழலை மனதில் வைத்துச் செய்யப்பட்ட தோட்டா. 5 செ.மீ. குழலில் வேகம் குறைகிறது, அதனால் குழி முனைக் குண்டுகள் பல விரியாமலே போகின்றன. சின்னக் குழலுக்கு என்றே தயாரிக்கும் தோட்டாக்கள் இருக்கின்றன, தேடி வாங்க வேண்டும். உதை தாங்காதவர்கள் தட்டை முனை கொண்ட வாட்கட்டர் வகையைப் போடுவது ஒன்றும் மோசமான முடிவு இல்லை, உதை மிகவும் குறைவு, ஊடுருவலும் நன்றாக இருக்கும். 9 மி.மீ. எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு, வகைகளும் அதிகம். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சாதாரண லைசென்ஸ்காரருக்குச் சட்டம் போட்ட வரம்பு, அதனால் பழகப் பழக அடிக்கடி வாங்க வேண்டியிருக்கும். தோட்டா விலை அதிகம் என்று பயிற்சியைக் குறைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்க்கிறேன், ரிவால்வர்க்காரர்களில் இது இன்னும் அதிகம்.

தினமும் இடுப்பில் வைத்துக்கொள்வது பற்றி அதே சட்டத்தின் 84-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டரிலோ அதற்கென்று உள்ள உறையிலோ உடம்போடு இணைந்து, அல்லது முதுகுப் பை போன்ற ஒன்றில் இருக்க வேண்டும், வெளியே துளியும் தெரியக்கூடாது, எப்போதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் வைப்பதாக இருந்தாலும் ட்ரிகரை மூடும் பாக்கெட் உறை கட்டாயம் வேண்டும், அதே பாக்கெட்டில் சாவி, காசு எதுவும் கூடாது. கைப்பையில் வைத்துச் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் தொங்கவிடுவது மிகவும் ஆபத்து, பையோடு துப்பாக்கியும் போய்விடும். தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், கவனக்குறைவு என்று தெரிந்தால் வழக்கு உங்கள் மேல்.

இந்த இடத்தில் சின்ன ரிவால்வருக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. டர்பன் வெயிலில் அரைக்கைச் சட்டைக்கு அடியில் பெரிய பிஸ்டலை மறைப்பது சுலபம் இல்லை. சின்ன ரிவால்வரின் வழவழப்பான உருண்டை வடிவம் துணிக்கு அடியில் துப்பாக்கி மாதிரியே தெரியாது, பாக்கெட்டில் இருந்து எடுக்கும்போது எங்கும் இடறாது. வேட்டி கட்டிக் காவடிக்குப் போகும் நாளில் எதுவுமே சரிவராது, அன்றைக்குத் துப்பாக்கி வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் இருப்பதுதான் முறை. கார் டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழா நாளில் கார் உடைக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

வீட்டுக்கும் கடைக்கும் என்றால் என் கருத்து கொஞ்சம் மாறும். 10 செ.மீ. குழல், ஆறு தோட்டா, முழு எஃகு, ஒரு கிலோவுக்குப் பக்கமான எடை: இந்த நடுத்தர ரிவால்வர் சின்னதற்கு நேர் எதிர். உதை மென்மை, குறி சுத்தம், பிடிக்க வசதி. .357 மேக்னம் என்ற பலமான தோட்டாவுக்கான ரிவால்வரில், அதைவிட மென்மையான .38 ஸ்பெஷல் போட்டுச் சுட்டால் புதியவர்கள்கூட முதல் நாளே நன்றாகச் சுடுவார்கள். துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகும் எண்ணமே இல்லாத, மாதாமாதம் பயிற்சிக்கும் போக முடியாத ஒருவருக்கு இது நல்ல தேர்வு. உடம்பிலும் நேரடிக் கட்டுப்பாட்டிலும் இல்லாத நேரமெல்லாம் அது இரும்புப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

2021 ஜூலையைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அந்த மே மாதம்தான் அரசு தற்காப்பு என்ற காரணத்தையே லைசென்ஸில் இருந்து நீக்கும் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது, பெரும் எதிர்ப்பு வந்தது, அது சட்டமாகவில்லை. ஜூலையில் கலவரத்தில் நம் மாகாணமான குவாசூலு-நேட்டால் எரிந்தது, போலீஸ் பல இடங்களில் வரவே இல்லை, இந்திய வம்சாவளியினரான நம் ஆட்கள் பலர் முதல்முறையாக லைசென்ஸ் பற்றி யோசித்தது அப்போதுதான். அதே வாரத்தில் ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர், சாலையில் தடுப்புப் போட்டு நின்றவர்களின் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் அதில் பலர். இதை நம் வீடுகளில் மெதுவான குரலில்கூடப் பேசத் தயங்குகிறார்கள். பேச வேண்டும். 13-ஆவது பிரிவு லைசென்ஸ் தெருவைக் காவல் காக்கக் கொடுக்கும் அனுமதி இல்லை. தாக்குதல் சட்டவிரோதமாக இருக்க வேண்டும், அது நடந்துகொண்டோ நடக்கப் போகும் கணத்திலோ இருக்க வேண்டும், தடுக்க வேறு வழி இருக்கக்கூடாது, பதிலடி அளவோடு இருக்க வேண்டும். ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. ரிவால்வரா பிஸ்டலா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் இதைப் படிக்க அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை.

கடைசியாக, தாத்தாவின் ரிவால்வர். பழைய கடைக்காரக் குடும்பங்களில் அலமாரிக்குள் துணி சுற்றி ஒன்று இருக்கும், அவர் போனபின் பிள்ளைகள் "அதையே என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமே" என்பார்கள். பெயர் மாற்றம் என்று ஒன்று கிடையாது. லைசென்ஸ் இறந்தவரோடு முடிகிறது, சொத்தை நிர்வகிப்பவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், வாரிசு தன் பெயரில் புதிதாகத் தகுதிச் சான்றிதழும் லைசென்ஸும் எடுக்க வேண்டும். தற்காப்பு என்ற காரணத்தில் எடுத்தால் உங்கள் ஒரே இடம் அந்தப் பழைய துப்பாக்கிக்குப் போய்விடும்.

அதை எடுப்பதற்கு முன், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்ச் சில விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த ஸ்மித் அண்ட் வெஸன், வெப்லி ரிவால்வர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. ஆங்கில யு எழுத்துக்குள் அம்புக்குறி பொறித்திருந்தால் அது அன்றைய தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் சொத்தாக வந்தது என்று அர்த்தம். அவற்றில் பெரும்பாலானவை .38 ஸ்பெஷலுக்குச் செய்யப்பட்டவை இல்லை, அதைவிடக் குட்டையான, சற்றே தடிமனான .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானவை. பிற்காலத்தில் துளையை நீட்டி .38 ஸ்பெஷல் போடும்படி மாற்றியவையும் உண்டு, அவற்றில் கூடுகள் பிளந்துவிடுகின்றன. இன்னொன்று, 1944-ல் அமெரிக்கக் கப்பலில் கீழே விழுந்த ரிவால்வர் ஒன்று வெடித்து ஒரு மாலுமி இறந்தபின்தான் ஸ்மித் அண்ட் வெஸன் ஹேமருக்கான தடுப்பை மாற்றி அமைத்தது, அதற்கு முந்தையவற்றை ஹேமருக்கு நேராகத் தோட்டா வைத்து எடுத்துச் செல்வது பாதுகாப்பில்லை. சிலிண்டர் முன்பின் ஆடுகிறதா, ஹேமர் விழும்போது துளை குழலுக்கு நேராகப் பூட்டி நிற்கிறதா, இவை இரண்டும் சரியில்லை என்றால் சுடவே கூடாது.

பெரும்பாலும் அந்த ரிவால்வர் தற்காப்புக்கு லாயக்கில்லை என்றுதான் பதில் வரும். அப்படி வந்தால், லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் விற்கலாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம், நினைவுக்காக வேண்டும் என்றால் முறைப்படி செயலிழக்கச் செய்து வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் 13-ஆவது பிரிவின் அந்த ஒரு இடம் காலியாகவே இருக்கும், அதில் ஒரு நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டலுக்கு மனுப் போடுங்கள்.